மாலை ஏழரை மணிப் புகை: ஸ்மோக்பிங்குடன் நான்கு மாதம்

கும்பகோணத்தில் வீட்டிலிருந்தே இணையம் வழியாகப் பாட்டு வகுப்பு எடுக்கிறேன். சிங்கப்பூரில் நாலு பிள்ளைகள், சென்னையில் ஆறு பேர். மாலை ஏழரை ஆகிவிட்டால் குரல் துண்டு துண்டாக வரும். சரளி வரிசையில் 'ரி' கேட்கும், 'க' கேட்காது. இணைப்பு கொடுத்தவர்களுக்குப் போன் செய்தால், "ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்க மேடம்" என்பார்கள். போட்டால் 100 எம்பிபிஎஸ் முழுசாக வரும். அதற்கு மேல் என்ன வாதாடுவது?

தீபாவளிக்கு வந்த அக்கா மகன், சும்மா கிடந்த பழைய லேப்டாப்பில் டெபியன் என்ற லினக்ஸைப் போட்டு ஸ்மோக்பிங்கை ஏற்றிக் கொடுத்தான். இணைப்பில் தாமதமும் இழப்பும் எவ்வளவு என்று நாள் முழுக்க அளந்து படமாக வரையும் இலவச மென்பொருள் அது. எழுதியவர் டோபியாஸ் ஓட்டிக்கர். நெட்வொர்க்கில் எவ்வளவு டேட்டா போகிறது என்று படம் போடும் எம்ஆர்டிஜியும் அவர் செய்ததுதான்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, நாம் கொடுத்த முகவரிக்கு 20 பிங் அனுப்பும், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பதில் வாங்கும் சின்னச் செய்திகள். ஒவ்வொன்றும் போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று குறித்துக்கொள்ளும். இருபதில் நடுவில் நிற்கும் அளவு ஒரு கோடாக விழும். மற்றவை கோட்டைச் சுற்றிச் சாம்பல் நிறப் புகையாகப் படியும். எதுவும் தொலையவில்லை என்றால் கோடு பச்சை. ஒன்றிரண்டு தொலைந்தால் நீலம், அப்புறம் ஊதா, அநேகமாக எல்லாமே போனால் சிவப்பு.

அந்தப் புகை பாட்டுக்காரிக்கு உடனே புரிந்துவிடுகிறது. தாமதம் எப்போதும் 60 மில்லிசெகண்ட் என்றால் பழகிக்கொள்ளலாம். ஒரு தரம் 20, அடுத்த தரம் 140 என்றால் காலப்பிரமாணம் நிற்காத பாட்டுதான். இதை ஜிட்டர் என்கிறார்கள். புகை அடர்ந்திருந்தால் ஜிட்டர் அதிகம். ஒரு குரல் போய்வர 0.1 எம்பிபிஎஸ் தாராளம். ஆகவே ஸ்பீடு டெஸ்ட் காட்டிய 100 என் பிரச்சினைக்குப் பதிலே இல்லை.

மூன்று முகவரிகளைக் கொடுத்து வைத்தோம்: வீட்டு ரௌட்டர், அதற்கு அடுத்து இணைப்பு நிறுவனத்தின் பக்கம் வரும் முதல் ரௌட்டர், கூகுளின் சர்வரான 8.8.8.8. முதல் நாளே வீட்டு ரௌட்டரின் கோடு நீலமாக வந்தது. லேப்டாப் வைஃபையில் இருந்ததுதான் காரணம். கேபிள் போட்டதும் பச்சையானது. பாட்டு வகுப்புக்கும் அன்றிலிருந்து கேபிள்தான். ஆனால் மற்ற இரண்டிலும் மாலை ஏழரை முதல் பத்தரை வரை புகை மண்டியது, கோடு ஊதாவானது. ஆறு நாள் பார்த்தேன், ஆறு நாளும் அதே நேரம். நடுவில் இருக்கும் ரௌட்டர் சில சமயம் பிங்குக்குப் பதில் சொல்வதைத் தள்ளிப்போடும், அதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்லக்கூடாது என்று அக்கா மகன் சொல்லியிருந்தான். கடைசி முகவரியிலும் அதே இழப்பு தெரிந்ததால்தான் துணிந்து நிறுவனத்துக்குப் படங்களை அனுப்பினேன். இந்த முறை யாரும் ஸ்பீடு டெஸ்ட் பற்றிப் பேசவில்லை. நாலாம் நாள் ஆள் வந்து லைனை வேறு போர்ட்டுக்கு மாற்றினார்.

குறைகளும் உண்டு. இருபது பிங்கும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதன்பின் நடுவில் இரண்டு நிமிடம் இணைப்பு அறுந்தால் இதற்குத் தெரியாது. இடைவெளியைக் குறைக்கலாம், ஆனால் பிறகு மாற்றினால் பழைய பதிவுகளை அழிக்க வேண்டியிருக்கும், முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். முகவரிகளை ஒரு கோப்பில் கூட்டல் குறி போட்டுக் கையால் எழுத வேண்டும். லினக்ஸ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் நான் நிறுவியிருக்க மாட்டேன்.

இப்போது மாலைக் கோடு பச்சை. ஞாயிறு இரவில் மட்டும் இன்னும் லேசாகப் புகை எழுகிறது. அந்தப் படங்களையும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.