இடது காதில் ஆயா, வலது காதில் நான்

டர்பனில் நாங்கள் பாட்டியை ஆயா என்றுதான் அழைப்போம். டோங்காட்டில் இருக்கும் எங்கள் ஆயா கரும்புத் தோட்டக் காலத்துக் கதைகளைச் சொல்ல, நான் பக்கத்தில் அமர்ந்து கேள்வி கேட்க, ஐம்பது நிமிடம் வீடியோவாகப் பதிவு செய்தேன். கம்பியில்லா மைக் இரண்டு. ஒன்று அவர் சேலையில், ஒன்று என் சட்டையில். ரிசீவரிலிருந்து கேமராவுக்கு ஒரே கம்பி. வெட்டி அடுக்கும் வேலை முடிந்து டைம்லைனில் எண்பது துண்டுகள் கிடந்தபோதுதான் இயர்போனை மாட்டினேன். இடது காதில் ஆயா, வலது காதில் நான்!

கருவியைக் குறை சொல்ல இடமில்லை. இத்தகைய ரிசீவர்கள் பலவற்றில் இரண்டு மைக்கையும் கலந்தும் அனுப்பலாம், இடது சேனலில் ஒன்று, வலது சேனலில் ஒன்று என்று பிரித்தும் அனுப்பலாம். பிரித்து அனுப்புவதே நல்லது, கலந்த ஒலியைப் பிறகு பிரிப்பது பெரும்பாடு. ஆனால் கேமரா அதை இடதும் வலதும் சேர்ந்த ஒரு ஸ்டீரியோ ஒலியாகவே எழுதிவைக்கும். இவை தனித்தனி மைக் என்று வீடியோ வெட்டும் மென்பொருளிடம் நாம்தான் சொல்ல வேண்டும். எப்போது சொன்னால் கேட்டுக்கொள்ளும் என்பதில்தான் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம்.

பிரீமியர் புரோ முன்கூட்டியே கேட்கும் ரகம். புராஜெக்ட் பேனலில் கிளிப்பைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட், ஜி விசைகளை அழுத்தி, ஸ்டீரியோவை இரண்டு மோனோவாக, அதாவது ஒற்றைச் சேனல் ஒலிகளாக மாற்றிவிட்டால், டைம்லைனில் இறக்கும்போதே இரண்டு ஒலித்தடங்களாக வந்து விழும். ஏற்கெனவே இறக்கிவிட்ட துண்டுகள் இப்படிப் பிரிந்து வராது. அப்போது ஒலியை இன்னொரு தடத்தில் நகல் எடுத்து, ஒன்றில் இடதை வலதில் நிரப்பும் எஃபெக்ட்டையும், மற்றொன்றில் வலதை இடதில் நிரப்பும் எஃபெக்ட்டையும் போட வேண்டும். வேலை நடக்கும், அழகு இல்லை. மாதச் சந்தாவும் உண்டு. வருடத்துக்கு நான்கு வீடியோ செய்கிறவருக்கு அது கட்டுப்படியாகாது.

டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பிலேயே இதற்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. மீடியா பூலில் வலது சொடுக்கி, கிளிப் ஆட்ரிபியூட்ஸில் மோனோ என்று மாற்றி இரண்டு தடம் கொடுத்தால் போதும். டைம்லைனில் இறங்கிய பிறகும் அதே பெட்டியைத் திறக்கலாம். ஸ்டீரியோவின் இரு பக்கத்துக்கும் முதல் சேனலையே கொடுத்துவிட்டால் ஆயா இரண்டு காதிலும் பேசுவார். ஒரு பொறியும் இருக்கிறது. மோனோ கிளிப்பை ஸ்டீரியோ தடத்தில் வைத்தால் இடது பக்கம் மட்டும்தான் கேட்கும். தடத்தின் தலைப்பில் வலது சொடுக்கி அதன் வகையையும் மோனோவாக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது.

தாமதமாக விழித்துக்கொள்கிறவர்களுக்கு என்றே செய்தது போல இருப்பது ஃபைனல் கட் புரோ. எண்பது துண்டுகளையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, ஒலி இன்ஸ்பெக்டரில் ஸ்டீரியோ என்பதை டூயல் மோனோ ஆக்கினால் முடிந்தது. பிறகு ஒலிக்கூறுகளை விரித்து, வேண்டாத இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வி விசையைத் தட்டி அடக்கிவிடலாம். மாக் கணினி இல்லாதவர்கள் ஏக்கப் பெருமூச்சோடு இந்தப் பத்தியைக் கடந்துவிடலாம்.

பழைய மடிக்கணினியில் ஷாட்கட் போதும். இலவசம். காப்பி சேனல் என்ற ஃபில்டரை, ஒலியின் இரண்டு நகல்களில் எதிரெதிர்த் திசையில் போட வேண்டும், அவ்வளவுதான்.

பிரித்தபின் இரண்டையும் முழுநேரமும் திறந்தே வைத்திருந்தால் பட்ட பாடெல்லாம் வீண். நானும் ஆயாவும் ஒரு மீட்டர் இடைவெளியில் உட்கார்ந்திருந்தோம். அவர் குரல் என் மைக்குக்கு ஏறக்குறைய 3 மில்லிவினாடி பிந்தி வருகிறது. இரண்டும் சேரும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று தின்றுவிட, குடத்துக்குள் வாயை வைத்துப் பேசியது போல ஆகிவிடுகிறது. எனவே யார் பேசுகிறாரோ அவர் மைக்கை விட்டு, மற்றதை அடக்க வேண்டும். இந்த வேலைக்கு ரிசால்வில் ஒலிக்கென்றே இருக்கும் ஃபேர்லைட் பக்கம் எனக்குப் பிடித்துப்போனது. ஒலி அலைகள் பெரிதாகத் தெரிவதால், பார்த்தே வெட்டிவிடலாம். மாக் இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு ரிசால்வைத்தான் சொல்வேன். கையில் மாக் இருந்தால் ஃபைனல் கட்டை விட வேண்டாம்.

ஆயா பேசும் இடங்களில் என் மைக்கை அடக்கியதும், நான் ‘ம்’, ‘ம்’ என்று கொட்டிய முணுமுணுப்புகள் பெரும்பாலும் போய்விட்டன. கூரைமேல் உட்கார்ந்து கத்திய ஹடேடா பறவை மட்டும் ஆயாவின் மைக்கிலும் ஏறியிருக்கிறது. அவர் கதையை நிறுத்தி, அண்ணாந்து பார்த்து, “சனியனே” என்கிறார். அந்த இடத்தில் நான் கை வைக்கவில்லை.