ரப்பர் மீனா, கட்டை மீனா, உயிர் இறாலா: உப்பனாற்றில் ஒரு பருவம்

"அண்ணா, எந்த லூர் எடுத்துட்டு வரணும்?"

சனிக்கிழமை பயணத்துக்கு வியாழக்கிழமை ராத்திரி வரும் போன் இப்படித்தான் ஆரம்பிக்கும். ஆற்றில் தூண்டில் போட என் போட்டில் வருகிறவர்கள், பெரும்பாலும் சென்னை, பெங்களூர்ப் பையன்கள். பெட்டி நிறைய லூர், அதாவது முள் வைத்த போலி இரை, வைத்திருப்பார்கள், எதை முதலில் கட்டுவது என்பதுதான் தெரியாது. நான் பதில் சொல்லுமுன் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்ப்பேன். அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்து ரெண்டு நாள் என்றால் ஒரு பதில், அஷ்டமி நவமி என்றால் வேறு பதில். அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்று பாட்டி ஏன் சொன்னாளோ, தூண்டில்காரனுக்கு ஒரு காரணம் இருக்கிறது. பாதி நிலா நாட்களில் கடலின் ஏற்றமும் வற்றமும் குறைவு. ஆற்றில் நீரோட்டம் செத்துக் கிடக்கும். நம் கரையில் பெரிய நாளில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டரை ஒட்டித்தான் வித்தியாசம். அதிலும் பாதி போனால் மீனுக்கு இரை தேடி வர வேண்டிய அவசியமே இல்லை.

காலண்டர் பாதிதான். மீதியைத் துடுப்பு சொல்லும். என் ஃபைபர் போட்டில் இருக்கும் துடுப்பின் நுனியில் ஒரு முழத்துக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேன். போய்ச் சேர்ந்ததும் அதைத் தண்ணீரில் செங்குத்தாக இறக்குவேன். முழம் முழுக்கத் தெரிந்தால் கெட்டியான ஹார்டு லூர். ஒரு சாண் தெரிந்தால் ரப்பர் மாதிரி மெத்தென்ற சாஃப்ட் பிளாஸ்டிக். நாலு விரல்கூடத் தெரியவில்லை என்றால் பெட்டியை மூடிவிட்டு இறாலைத் தேட வேண்டியதுதான். இந்த மூன்றையும் ஒரு பருவம் முழுக்க, கடலூர் முதுநகர்ப் பக்கம் உப்பனாற்றிலும் புதுச்சேரியில் சுண்ணாம்பாற்றிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன். மீன் முக்கியமாகக் கொடுவா. கூடவே செப்பிலி, பாறை, எப்போதாவது காலா.

முதலில் கட்டை மீன். போட்டில் என்னோடு வருகிற மாமா ஹார்டு லூரை அப்படித்தான் சொல்வார். இப்போது வருவதெல்லாம் பிளாஸ்டிக்தான் என்றாலும் பெயர் தப்பில்லை. பின்லாந்தில் லாரி ராப்பலா 1936-ல் செய்த முதல் லூர், தக்கையைச் செதுக்கி மேலே சாக்லேட் சுற்றிவரும் ஜிகினாத் தாளை ஒட்டியதுதானே. நான் பேசுவது 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள மினோவைப் பற்றி, சின்ன மீன் வடிவத்தில் இருக்கும் லூர். வாய்க்கு முன்னால் ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் அந்த நாக்கு தண்ணீரில் அழுந்தி மினோவைக் கீழே இறக்கும். நிறுத்தினால் நல்ல மினோ மேலேயும் வராது, கீழேயும் போகாது, அந்தரத்தில் நிற்கும். கொடுவா அடிப்பது அந்த நிற்கும் நேரத்தில்.

இதைப் புரியவைக்கத்தான் எனக்குத் தொண்டை போகிறது. கொடுவா துரத்திக் கடிக்கிற மீன் இல்லை. பக்கத்தில் வந்து வாயைப் படாரென்று திறக்கும். திறந்த வேகத்தில் சுற்றியுள்ள தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். நூல் விறைப்பாக இருந்தால் லூர் வாய்க்குள் போகாமல் உதட்டில் இடித்துக்கொண்டு வெளியே நிற்கும். அதனால் ரெண்டு இழுப்பு, அப்புறம் நூலைத் தளர்த்திவிட்டு மனசுக்குள் ஒண்ணு, ரெண்டு, மூணு. புதுசாக வருகிறவர்கள் 'ஒண்ணு' என்பதற்குள் ரீலைச் சுற்றிவிடுகிறார்கள்.

மார்ச் மாதத்தில் ஒரு விடியற்காலை, சுண்ணாம்பாற்றில் நோணாங்குப்பம் பாலத்துக்குக் கிழக்கே. படகுக் குழாமின் போட்டுகள் ஓட ஆரம்பிக்க இன்னும் நேரம் இருந்தது; தண்ணீர் கண்ணாடி மாதிரி. துடுப்பின் வெள்ளை முழுசாகத் தெரிந்தது. வந்திருந்தவர் ஐ.டி. வேலைக்காரர், என் பேச்சைக் கேட்டு மூன்று எண்ணினார். மூன்றாவது எண்ணிக்கையில் மினோ இருந்த இடத்தில் வெள்ளியாக ஒன்று புரண்டது, தேங்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம். மீன் ரெண்டு தடவை முழு உடம்பும் வெளியே தெரியத் துள்ளித் தலையை உதறியது. நாலு கிலோவுக்குக் குறையாது. செவுள் மூடியின் விளிம்பு பிளேடு மாதிரி. லூரை ஒட்டிக் கட்டும் தடித்த நூலான 40 பவுண்ட் லீடர் பாதி அறுந்த நிலையில்தான் மீன் போட்டுக்கு வந்து சேர்ந்தது. தெளிந்த தண்ணீரில் கட்டை மீனுக்கு ஈடு இல்லை. அதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஆனால் தெளிந்த தண்ணீர் நமக்கு எத்தனை நாள்? அங்கேதான் கணக்கு இடிக்கிறது. மழைத் தண்ணீர் வடிந்து பிப்ரவரி நடுவில் தெளிய ஆரம்பிக்கும். ஏப்ரல் முடிய நன்றாக இருக்கும். அதற்கப்புறம் மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று கிளம்பிவிட்டால் ஆழமில்லாத இடமெல்லாம் சேறு கலங்கும். அந்த இரண்டரை மாதத்துக்காக ஒவ்வொன்றும் 700, 1,000 ரூபாய் என்று வாங்கி வைக்க வேண்டும். பாலத் தூண்களில் ஒட்டியிருக்கும் ஆளிச் சிப்பியில் பிரெய்டு என்கிற பின்னல் நூல் உரசினால் போதும், சத்தமில்லாமல் அறுந்துவிடும். ஒரே காலையில் நான் மூன்று மினோவை இழந்திருக்கிறேன். அன்றைய கூலியே அவ்வளவு இல்லை.

இன்னொரு சங்கடம், முள். ஒரு மினோவில் மும்முள் தூண்டில் ரெண்டு, ஆக ஆறு முனை. ஜூலையில் உப்பனாற்றில் ஒரு வாடிக்கையாளர் வீசியது காற்றில் பத்தடி தள்ளிப்போய், அங்கே கட்டியிருந்த வலையில் விழுந்தது. இழுக்காதீங்க என்று நான் கத்துவதற்குள் இழுத்துவிட்டார். வலைக்காரர் பக்கத்திலேயே இருந்தார். திட்டவில்லை. வலையை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கண்ணாகப் பிரித்தார். "தம்பி, உன் பொம்மைக்கு ஆறு முள்ளு. எனக்குக் கண்ணு எத்தினி இருக்குன்னு எண்ணியா பாத்தே?" என்று மட்டும் கேட்டார். அரை மணி நேரம் ஆனது. அறுந்த கண்களுக்குப் பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து வலை கட்டியிருக்கிற துறைகளில் மும்முள் லூரை நான் கட்ட விடுவதில்லை. என் மினோக்களில் மும்முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போட்டுவிட்டேன். ஆட்டம் கொஞ்சம் மாறுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மீனைத் திருப்பி விடுவது சுலபம். கொடுவா ஆணாகத்தான் பருவத்துக்கு வரும், பெரிதான பிறகு பெண்ணாக மாறும். அதனால் பெரிய மீன் என்றாலே முட்டை போடுகிற மீன் என்று நினைத்துக்கொள்ளலாம். வாயைக் கிழித்து அனுப்புவதில் அர்த்தம் இல்லை.

இனி ரப்பர் மீன். என் சோறு இதில்தான்.

மூன்று, நாலு அங்குல சாஃப்ட் பிளாஸ்டிக், வால் நுனியில் சின்னத் தட்டு; தண்ணீரில் இறங்கும்போதே வால் அடித்துக்கொண்டு இறங்கும். ஜிக் ஹெட் என்கிற ஈயத் தலை வைத்த முள்ளில் கோத்தால் ஒரே முள், அதுவும் முதுகுப் பக்கம் மேல் நோக்கி. அடியில் இழுத்துக்கொண்டு வந்தாலும் சிப்பியில் சிக்குவது குறைவு. சிக்கினாலும் போவது நூறு, நூற்றைம்பது ரூபாய். இந்த ஒரு காரணத்துக்காகவே வாடிக்கையாளர் பயப்படாமல் தூணை ஒட்டி, கட்டையை ஒட்டி, அலையாத்தி வேருக்குள் வீசுகிறார். மீன் இருப்பது அங்கேதான். 1,000 ரூபாய் மினோவைக் கட்டிய ஆள் நாலடி தள்ளித்தான் வீசுவார். ரெண்டுக்கும் உண்மையான வித்தியாசம் இந்த நாலடி என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தக் கம்பெனி, எந்த நிறம் என்பதெல்லாம் அப்புறம்.

எடையில் கவனம் வேண்டும். எல்லாரும் 7 கிராம் ஜிக் ஹெட் ஒரே ஒரு பாக்கெட் வாங்கி வருகிறார்கள். ஓட்டம் இல்லாத நேரத்துக்கு அது சரி. வற்றம் வேகம் பிடித்ததும் 7 கிராம் தரையைத் தொடுவதற்குள் போட்டைத் தாண்டிப் போய்விடும். 10, 14 கையில் இருக்க வேண்டும். தரையைத் தொட்டதும் கோலில் ஒரு 'டொக்' தெரிய வேண்டும். அது தெரியவில்லை என்றால் எடையை ஏற்று.

போட வேண்டிய இடம், வாய்க்கால் வாய். ஏற்றத்தில் உப்பங்கழித் திட்டுகளுக்குள்ளும் அலையாத்திக்குள்ளும் ஏறிய தண்ணீர், வற்றத்தில் சின்னச் சின்ன வாய்க்கால் வழியே ஆற்றுக்குத் திரும்பும். கூடவே இறால், மடவைக் குஞ்சு எல்லாம் வந்தாக வேண்டும், வேறு வழி கிடையாது. கலங்கல் நீரும் ஆற்று நீரும் சேருமிடத்தில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டுக்கு வெளியே கொடுவா வாயைக் காட்டிக்கொண்டு நிற்கும், பந்தியில் இலை போட்டுக் காத்திருக்கிற மாதிரி. வாய்க்காலுக்குள் வீசி, ஓட்டத்தோடு தத்தித் தத்தி வெளியே வரவிட வேண்டும். கொத்துவது பெரிசாகத் தெரியாது. நூல் ஒரு பக்கமாகத் துளி நகரும், அவ்வளவுதான்.

ரப்பரின் குறை என்ன? பேத்தை. பேத்தை மீன் இருக்கிற இடத்தில் அஞ்சு வீச்சுக்கு ஒரு வால் போகும். பிஸ்கட்டை ஓரத்தில் கடித்த மாதிரி அரைவட்டமாகத் துண்டித்திருக்கும், இழுப்பு எதுவுமே தெரிந்திருக்காது. வால் இல்லாத ரப்பரை அரை மணி நேரம் வீசிக்கொண்டிருந்த ஆட்களை எனக்குத் தெரியும். ஒவ்வொரு வீச்சுக்கும் எடுத்துப் பார்க்க வேண்டும். இழுத்தால் நீண்டு அறுபடாத ரப்பர் ஒரு வகை உண்டு, பேத்தைக்கு அது தேவலை. ஆனால் சாதாரண சாஃப்ட் பிளாஸ்டிக்கோடு அதை ஒரே அறையில் போட்டு வைக்காதீர்கள். மே மாத வெயிலில் நான் போட்டு வைத்து, மறுநாள் திறந்தால் பெட்டிக்குள் கோந்து. ரெண்டு பாக்கெட் போச்சு.

உயிர் இறாலை லூர்க்காரர்கள் கேவலமாகப் பார்ப்பார்கள். நான் பார்க்க மாட்டேன். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிட்டால் மீன் கண்ணை நம்பாது, வாசனையையும் அசைவையும்தான் நம்பும். அங்கே இறாலுக்கு எதிரில் எந்த லூரும் நிற்காது. சிக்கல் வேறு. விடியுமுன் இறால் வலைக்காரரைப் பிடித்து உயிரோடு வாங்க வேண்டும்; பேட்டரி ஏர் பம்ப் ஓட வேண்டும்; வெயில் ஏறினால் பக்கெட்டில் தண்ணீர் சூடாகி இறால் வெளுத்துச் சாகும். அதோடு இறாலைக் கொடுவாவுக்கு மட்டும் அனுப்ப முடியாது. கீச்சான் கொறிக்கும், பேத்தை உரிக்கும், கெளுத்தி விழுங்கும். கெளுத்தி முள் குத்திய கையோடு ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன அனுபவமும் உண்டு. முதல் தடவை பிள்ளையைக் கூட்டி வருகிற அப்பாவுக்கு இறால்தான் சரி. ஏதோ ஒன்று கொத்தும், பிள்ளைக்குச் சந்தோஷம்.

தண்ணீர் மேலே சத்தம் போட்டு வரும் பாப்பர், கனமான உலோக லூரான மெட்டல் ஜிக் பற்றிச் சுருக்கமாக. பாப்பர் பார்க்க அழகு, ஆற்றுக்குள் எனக்குப் பெரிசாகக் கொடுத்ததில்லை. முகத்துவாரத்தில், கடலுக்குள் நீட்டிப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களின் மேல் நின்று வீச மெட்டல் ஜிக் நல்லது. கட்டா, சீலா, சின்னப் பாறை வரும். கல் வழுக்கும், செருப்போடு ஏறாதீர்கள்.

பருவத்தைச் சொன்னால்தான் கணக்கு முடியும். 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது, அடுத்த ரெண்டு நாளில் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் இறங்கியது. தாழங்குடா பக்கம் தென்பெண்ணை முகத்துவாரமே உருமாறிவிட்டது. முந்தின வருஷம் இருந்த மணல் திட்டு இல்லை, இல்லாத இடத்தில் திட்டு. தை பிறந்தும் தண்ணீர் பழுப்புதான். ஜனவரி முழுக்க இறால், கொஞ்சம் 14 கிராம் ரப்பர். பிப்ரவரி கடைசியில் சுண்ணாம்பாறு முதலில் தெளிந்தது, உப்பனாறு பத்து நாள் பின்னால். அப்போது பெட்டியிலிருந்து கட்டை மீன் வெளியே வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் முதுநகர்த் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டி நிற்கும். கத்திரி வெயிலில் ஆற்றிலேயே நிழல் இருக்கிற இடம் அதுதான், மீனுக்கும் தெரியும். படகு ஆட்களிடம் கேட்டுவிட்டு, வலை பழுதுபார்க்கிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், நிழல் விளிம்பில் 7 கிராம் ரப்பரை நழுவவிட்டால் செப்பிலி. அடித்தவுடன் கயிற்றுக்குள் ஓடும். முதல் மூன்று நொடியில் திருப்பவில்லை என்றால் அது உங்கள் மீன் இல்லை. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ரப்பர், ரப்பர், ரப்பர். சாயங்காலம் மேற்கே இடி கேட்டால் கோலை மடக்கு, கார்பன் கோல் மின்னலுக்கு வைத்த அழைப்பு. அக்டோபர் கடைசியில் போட்டைக் கரையேற்றிவிடுவேன்.

சுண்ணாம்பாறா உப்பனாறா என்றும் கேட்பார்கள். தூரம் 20 கிலோமீட்டர் சொச்சம்தான், குணம் வேறு. சுண்ணாம்பாறு சீக்கிரம் தெளியும், ஆனால் சுற்றுலா போட்டுகள் கிளம்பியதும் அலைக்கழிப்பு. காலை ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். உப்பனாறு கலங்கலும் வலையும் நிறைந்தது, நாள் முழுக்க ஏதாவது ஒரு வாய்க்கால் கைகொடுக்கும். கட்டை மீன்காரர் அங்கே, ரப்பர்க்காரர் இங்கே.

புதுசாகத் தொடங்குகிறவர் கையில் லூருக்கென்று 2,000 ரூபாய் இருந்தால் இப்படிச் செலவழிக்கச் சொல்வேன்: சாஃப்ட் ரெண்டு பாக்கெட், ஒன்று வெள்ளை, ஒன்று இறால் பழுப்பு, ஜிக் ஹெட் மூன்று எடையிலும் நாலு நாலு, மீதியில் ஒரே ஒரு நிற்கிற மினோ, முள்ளை மாற்றி. அந்த மினோவை மார்ச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்து மினோ வாங்கி வந்த பெங்களூர்க்காரர் ஒருவர் ஆகஸ்டில் ஒன்றைக்கூட நனைக்காமல் திரும்பினார். என்னிடம் ரப்பர் கடன் வாங்கிப் பிடித்த ஒரு கொடுவாவோடுதான் போட்டோ எடுத்துக்கொண்டார். போட்டோவில் மீனின் வாய் ஓரத்தில் பாதி வால் தொங்குகிறது, பேத்தை கடித்த மீதி.