ஹட்டன் மாதப் படக்காட்சி: 300 ரூபாவுக்கு பிளேன்டீ, வடை, ஒரு கொப்பி அட்டை

தொண்ணூறுகளில் ஹட்டனில் வீடியோ கசட் கடை வைத்திருந்தவன் நான். அதனால் படம் காட்டுகிறோம் என்று யார் கூப்பிட்டாலும் குறை கண்டுபிடிக்கவே போவேன். டியூஷன் வகுப்பு மாடி ஒன்றில் இளைஞர்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிறு நடத்தும் காட்சிக்கும் அப்படித்தான் போனேன்.

300 ரூபாவுக்கு இரண்டு படம், இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ, ஒரு உளுந்து வடை. வடை ஆறிப்போயிருந்தது. இந்தக் குளிரில் அதற்கு யாரைத் திட்டுவது? படம் தெளிவு. சத்தம்தான் தகரத்தில் மழை விழுந்ததும் காணாமல் போனது. உட்காரும் வாங்கு பிள்ளைகளுக்குச் செய்தது, என் இடுப்புக்கு இல்லை.

இந்த மாதம் தியோ வான் கோ. நெதர்லாந்து இயக்குநர், ஓவியர் வின்சென்டின் தம்பிக்குக் கொள்ளுப்பேரன். முதலில் 2003இல் வந்த ‘இன்டர்வியூ’. அரசியல் செய்தியாளர் ஒருவரைத் தொலைக்காட்சி நடிகையிடம் பேட்டிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவருக்கோ அது அவமானம். ஒரே வீடு, ஒரே இரவு, இருவரும் மாறி மாறிப் பொய். கடைக்காரன் கணக்கில் சொல்கிறேன், எடுத்தவனே திரும்ப வந்து எடுக்கும் கசட் இது. 2007இல் ஸ்டீவ் புசெமி ஆங்கிலத்தில் மறுபடி எடுத்தார். ஆனாலும் வான் கோ என்றதும் யாருக்கும் இந்தப் படம் ஞாபகம் வருவதில்லை.

ஞாபகம் வருவது இரண்டாவதாகப் போட்ட ‘சப்மிஷன்’. பத்து நிமிடச் சொச்சம். எழுதியவர் சோமாலியாவில் பிறந்து நெதர்லாந்தில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அயான் ஹிர்சி அலி. அடிபட்ட பெண்கள் இறைவனிடம் முறையிடுகிறார்கள், மெல்லிய துணிக்குள் தெரியும் அவர்கள் உடம்பில் குர்ஆன் வசனம். 2004 ஓகஸ்ட் 29இல் தொலைக்காட்சியில் போனது. நவம்பர் 2 காலை, ஆம்ஸ்டர்டாமில் சைக்கிளில் போன வான் கோவைச் சுட்டு, கழுத்தை அறுத்து, அயானுக்கு எழுதிய மிரட்டல் கடிதத்தைக் கத்தியால் அவர் உடம்பிலேயே குத்தி வைத்தான் ஒருவன். வான் கோவுக்கு அப்போது வயது 47.

அட்டை இதற்குத்தான். உடம்பு வந்த இடமெல்லாம் ஒரு தம்பி கொப்பி அட்டையைப் புரொஜெக்டர் முன்னால் பிடித்தார். முடிந்ததும் விளக்கைப் போட்டு, ‘இனி கருத்துச் சுதந்திரம் பற்றிக் கலந்துரையாடுவோம்’ என்றாரே பார்க்கலாம்! சரி, மறைப்பதை டிக்கட் தரும்போதாவது சொல்லியிருக்கலாம்.

சிரித்தேனே தவிர, அந்தக் கை எனக்குப் பழக்கமான கை. யுத்த காலத்தில் நானும் சில கசட்டுகளை அரிசிச் சாக்குக்குள் வைத்திருக்கிறேன். அன்றைக்குப் பயமே போதுமாக இருந்தது. இப்போது சட்டமும் உண்டு. சிவில், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் பெயரில் வந்த 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க இலங்கைச் சட்டம், இன, மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுப்பது. அதை வைத்துத்தான் 2019இல் ஒரு சிறுகதைக்காக எழுத்தாளரையும், 2023இல் மேடைப் பகிடிக்காக ஒரு பெண்ணையும் உள்ளே தள்ளினார்கள். ஆனால் 2018 மார்ச்சில் கண்டிப் பக்கத்துத் திகனவில் முஸ்லிம் கடைகள் எரிந்ததற்கு முன்னாலும் வெறுப்புப் பேச்சுத்தான் ஓடியது. அதனால் அந்தத் தம்பியைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பின் வாங்கிலிருந்து புடவைக்கடை முஸ்லிம் நானா எழுந்தார். “அட்டைய எடுங்க தம்பி. நீங்க மறைச்சா, நான்தான் மறைக்கச் சொன்னேன்னு நாளைக்கு பஜார்ல பேசுவாங்க. பாத்துட்டே புடிக்கலன்னு சொல்லிக்கிறேன்.”

மறுபடி ஓட்டினார்கள், அட்டை இல்லாமல். நானா பாதியில் வெளியே போய் பிளேன்டீ குடித்துவிட்டு வந்து, புடிக்கல என்றார். எனக்கும்தான். அந்தப் பெண்கள் சொன்னது நியாயம், அதை மெல்லிய துணி கேட்கவிடவில்லை. முஸ்லிம்களைக் கெட்ட வார்த்தையில் எழுதிய வான் கோ எடுத்தது என்பதும் நடுவில் வந்து நிற்கிறது. அதற்காக ஒருவரைக் கொல்வதா என்று நானாவே கேட்டார், யாரும் கேட்காமலே. கலந்துரையாடலில் உருப்படியாகப் பேசியது அவர் ஒருவர்தான். மற்றவர்கள் பேஸ்புக்கில் வாசித்ததை ஒப்பித்தார்கள்.

அடுத்த மாதம் சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’. யுத்தத்திலிருந்து சீல் வைத்து வந்த சவப்பெட்டிக்குள் இருப்பது தன் மகன்தானா என்று நம்ப மறுக்கும் பார்வையற்ற தகப்பனின் கதை. 2000இல் தடுத்ததை உயர் நீதிமன்றம்வரை போய்த்தான் திரையிட்டார்கள். நானாவுக்கும் சேர்த்து இரண்டு டிக்கட் எடுத்துவிட்டேன். டிக்கோயா, மஸ்கெலியா பக்கத்து ஆட்கள் கடைசி பஸ் நேரத்தை முதலிலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், கலந்துரையாடல் நேரத்துக்கு முடியாது. உட்கார ஒரு தலையணையும் கொண்டு போங்கள்.