வால்வு ஷிம் மாற்றும்போது கிராங்கை அசையாமல் வைப்பது எப்படி: லொக் போல்ட், ஸ்பனர், கியர்

யாழ்ப்பாணத்தில் அதிகம் ஓடும் சீடி 100, ஸ்பிளெண்டர் போன்ற மோட்டார் சைக்கிள்களில் வால்வு இடைவெளியைத் திருகாணியும் நட்டும் கொண்டே சரிசெய்துவிடலாம் என்பதால், அவற்றை வைத்திருப்பவர்களுக்கு இந்த அலசல் தேவைப்படாது. வால்வின் தலையில் கவிழ்ந்திருக்கும் பக்கெட் என்ற கிண்ணத்துக்கு அடியில், இடைவெளியைத் தீர்மானிக்கும் சிறு உலோக வில்லையான ஷிம் வைத்த கவசாகி கேஎல்எக்ஸ் 250 போன்ற என்ஜின்களில் நிலைமை வேறு. ஷிம்மை எடுக்க, வால்வுகளை அழுத்தித் திறக்கும் கேம் சாஃப்ட்டுகளைக் கழற்ற வேண்டும். கழற்றியதும், கிராங்கையும் (பிஸ்ரன் சுழற்றும் தண்டு) கேம்களையும் இணைக்கும் கேம் செயின் தொய்ந்துவிடும். அந்த நேரத்தில் கிராங்க் திரும்பினால், செயின் அடிப் பற்சக்கரத்தில் குவிந்து இறுகலாம். அதைக் கவனிக்காமல் பல் தவறிப் பூட்டினால் ரைமிங் (வால்வுகள் பிஸ்ரனோடு ஒத்துத் திறந்து மூடும் நேரம்) பிழைத்து, பிழை பெரிதாகும்போது பிஸ்ரன் வால்வை முட்டி வளைத்துவிடும்.

எங்கள் ஊரில் இன்னொரு காரணமும் சேர்கிறது. பழைய ஷிம்மை வெளியே எடுத்து அளந்த பிறகுதான் புதியதன் தடிப்புத் தெரியவரும். 0.15 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளி 0.08 ஆகக் குறைந்து, உள்ளே இருந்த ஷிம் 2.60 ஆக இருந்தால், நமக்கு வேண்டியது 2.53 மி.மீ.; 0.025 மி.மீ. படியில் வரும் ஷிம்களில் 2.525 அதற்கு மிக அருகில் நிற்கும். அந்த ஒரு துண்டு இங்கே கிடைக்காவிட்டால், கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடி எடுப்பித்து வந்து சேரும்வரை என்ஜின் திறந்தபடியே கராஜில் கிடக்கும். ஆகவே, கிராங்கை நிறுத்தும் எந்த வழியையும் சில நாட்களுக்கு அது தாங்குமா என்று பார்த்தே எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

அந்த அளவுகோலில் லொக் போல்ட்டுக்கு நிகரில்லை. கேடிஎம் எல்சி8, பிஎம்டபிள்யூ எஃப்650 போன்ற என்ஜின்களில், பிஸ்ரன் உச்சிக்கு வந்ததும் கிராங்க் பெட்டியின் துளை வழியாக ஒரு போல்ட் உள்ளே சென்று கிராங்கில் உள்ள பள்ளத்தில் அமரும். அது சரியாக அமர்ந்ததா என்பதைக் கையால்தான் உணர வேண்டும். பள்ளம் துளைக்கு நேராக இருந்தால் போல்ட் விரலாலேயே கடைசிவரை இறங்கும்; பாதியில் நின்றால் அதன் நுனி கிராங்கின் வழுவழுப்பான முகத்தில் முட்டுகிறது என்று பொருள். அப்போது ஸ்பனரால் இறுக்காமல், போல்ட்டைப் பின்வாங்கி, கிராங்கை ஒரு மயிரிழை திருப்பி மறுபடி முயல வேண்டும். இறங்கிய பின் கிராங்கை இருபுறமும் மெதுவாக அசைத்துப் பார்த்தால், எந்தப் பக்கமும் நகராது. ஆனால் இந்தப் போல்ட் நிலையைக் காக்கும் ஊசிதானே தவிர, பெரிய நட்டுகளை முறுக்கிக் கழற்றும்போது முட்டுக்கொடுக்கும் தூணன்று.

லொக் போல்ட் இல்லாத கேஎல்எக்ஸில் அடுத்த நல்ல வழி, இடப்பக்க மூடியைத் திறந்து, கிராங்கின் நுனியில் ரோட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டில் ஸ்பனர் வைப்பதாகும். ரைமிங் கோடு கண்ணெதிரே இருப்பதால் கிராங்க் நகர்ந்ததா என்பதை எந்நேரமும் பார்த்துக்கொள்ளலாம். இது மற்ற வழிகளுக்கு இல்லாத பலம். இடமிருந்து பார்க்கையில் என்ஜின் இடஞ்சுழியாகச் சுற்றும். போல்ட்டும் அதே திசையில்தான் தளரும். எனவே முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அமுக்கத்தை விடுவிக்காமல் திருப்பினால், கிராங்குக்குப் பதில் போல்ட் கழன்று வரக்கூடும். கோடு பொருந்திய பின், ஸ்பனரைப் பழைய ரியூப் பட்டியால் கால்மிதியோடு கட்டுபவர்கள் உண்டு. அது ஒரு திசைக்கு மட்டுமே தடை என்பதால், செயினையும் கம்பியால் மேலே இழுத்துக் கட்டிவைக்க வேண்டும்.

கியரில் போட்டுப் பின்சில்லால் பிடிக்கும் பழக்கம் பரவலாக உண்டு. உயர்ந்த கியரில் சில்லைத் திருப்பி பிஸ்ரனை உச்சிக்குக் கொண்டுவர அது உதவும் என்பதை ஏற்கிறேன். நிறுத்திவைக்க அது போதாது. பின்செயினின் தொய்வும் கியர் பற்களுக்கிடையிலான இடைவெளியும் சேர்ந்து கிராங்குக்கு ஆட இடம் தருகின்றன. அதைவிட, கராஜில் இடம்போதாமல் யாராவது வண்டியை ஒரு சாண் தள்ளினால் கிராங்க் உடனே சுழன்றுவிடும். நாட்கணக்கில் காத்திருக்கும் வண்டியை நியூட்ரலில் விட்டு, பற்றரி வயரையும் கழற்றிவைப்பதே பாதுகாப்பு.

பிளக் துளைக்குள் நைலோன் கயிறு திணிக்கும் முறை இந்த வேலைக்குரியதே அல்ல. கயிறு பிஸ்ரனை உச்சிக்கு வரவிடாமல் தடுக்கும், நமக்கோ உச்சிதான் வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், புதிய ஷிம்மும் கேம்களும் பூட்டி, செயின் இறுக்கியையும் பொருத்தியபின், லொக் போல்ட் இருந்தால் அதை வெளியே எடுத்து வாஷரோடு பழைய இடத்தில் போட வேண்டும். பிறகு ஸ்ராட்டரைத் தொடாமல், கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். கேம் ஒரு சுற்று முடிக்க அவ்வளவு தேவை. இடையில் எங்காவது இறுகினால் அங்கேயே நிறுத்திக் கேம் குறிகளைப் பார்க்கவும். தடையின்றிச் சுற்றினால், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை வைத்து ஒவ்வொரு வால்வின் இடைவெளியையும் மறுபடி அளந்த பிறகே மேல்மூடியைப் பூட்டவும்.