எல்டிஓ-7 டேப் டிரைவ், லினக்ஸ், பாக்குலா: மும்பைச் சிறு அலுவலகத்துக்குச் சரிவருமா?

எல்டிஓ-7 என்பது காந்த நாடா கார்ட்ரிட்ஜில் பேக்கப் எழுதும் டிரைவ், பாக்குலா அதற்கான பேக்கப் மென்பொருள். சுருக்காமலே ஒரு கார்ட்ரிட்ஜில் 6 டிபி, நொடிக்கு 300 எம்பி. எழுதும் தரத்தில் குறையே இல்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 15 டிபியை மட்டும் நம்ப வேண்டாம். வீடியோவும் படங்களும் ஏற்கெனவே சுருங்கியவை, மேலும் சுருங்காது. வாங்கலாம், ஆனால் உங்கள் சர்வர் அதற்குத் தீனி போடுமா என்று முதலில் பாருங்கள்.

பல டிஸ்க்குகளை ஒன்றாகக் காட்டும் ரெய்டு கார்டில் மாட்டினால் பல நேரம் டிரைவ் லினக்ஸ் கண்ணிலேயே படாது. டிரைவைச் சர்வரோடு நேரடியாக இணைக்கும் சாதாரண எஸ்ஏஎஸ் ஹெச்பிஏ கார்டுதான் வேண்டும். மும்பையின் மின்னணுச் சந்தையான லேமிங்டன் ரோட்டில் பழைய கார்டு தேடுவதானால் டிரைவின் பின்பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு போங்கள்: எஸ்எஃப்எஃப்-8088, 8644 என இரண்டு வகை போர்ட் உண்டு, கேபிளும் அதற்கேற்ப மாறும்.

'எல்எஸ்எஸ்சிஎஸ்ஐ -ஜி' கொடுத்து டிரைவ் தெரிகிறதா பாருங்கள். பாக்குலாவில் டேப்பில் எழுதும் பின்னணி நிரல் ஸ்டோரேஜ் டீமன். அதன் அமைப்புக் கோப்பில் 'ஆர்கைவ் டிவைஸ்' வரியில் எஸ்டி0 அல்ல, என்எஸ்டி0 என்று கொடுங்கள். எஸ்டி0-வை மூடும் ஒவ்வொரு முறையும் டேப் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். அப்படியே டார் என்ற காப்பகக் கட்டளையை ஓட்டினால் இன்றைய பேக்கப் நேற்றையதன் மேல் விழும். ரீபூட்டில் எண் மாறுவதுண்டு, அதனால் மாறாத பை-ஐடி பாதையையே எழுதுவது நல்லது. பாக்குலா பயனர் 'டேப்' குழுவில் இல்லாவிட்டால் அனுமதிப் பிழை வரும். பிறகு டீமனை நிறுத்திவிட்டு, காலி டேப் போட்டு, பாக்குலாவின் சோதனைக் கருவியான பிடேப்பில் 'டெஸ்ட்' கொடுங்கள். தோற்றால் பெரும்பாலும் பிளாக் அளவு, அதாவது ஒரு தடவையில் எழுதும் துண்டின் அளவு, நிலையாக அமைந்திருக்கும். 'எம்டி' கட்டளையில் 'செட்பிஎல்கே 0' கொடுத்தால் சரியாகும்.

தலைவலி வேகத்தில்தான். ஒரு கிகாபிட் நெட்வொர்க் தருவது நொடிக்கு சுமார் 110 எம்பி. டேட்டா போதாதபோது டிரைவ் நின்று, பின்னால் சுற்றி, மறுபடி ஓடும். செருப்புக்குப் பாலிஷ் போடுவதுபோல முன்னும் பின்னும் தேய்த்து டேப், ஹெட் இரண்டும் தேயும். எனவே பாக்குலாவின் 'ஸ்பூல் டேட்டா' அமைப்பை இயக்கி, முதலில் எஸ்எஸ்டியில் சேர்த்து, அங்கிருந்து டேப்புக்கு விடுங்கள். எவ்வளவு டேட்டாவுக்கு ஒருமுறை டேப்பில் முடிவுக் குறி போடுவது என்று சொல்லும் 'மேக்ஸிமம் ஃபைல் சைஸ்' இயல்பாக 1 ஜிபி. 20 ஜிபி ஆக்கினால் குறி எழுத நிற்பது குறையும். பிளாக் அளவைப் பாதியில் மாற்றாதீர்கள், பழைய டேப்புகள் படிக்காமல் போகலாம்.

மழைக்காலத்தில் மும்பைக் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். ஏசி இல்லாத அறையில் டிரைவை வைக்காதீர்கள். வெளியிலிருந்து வந்த கார்ட்ரிட்ஜ் ஒரு நாள் அறையிலேயே இருக்கட்டும். சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜை டிரைவின் சுத்தம் கேட்கும் விளக்கு எரிந்தால் மட்டும் போடுங்கள், அது ஹெட்டை உரசும்.

எல்டிஓ-7 டேப்பை எல்டிஓ-8 டிரைவ் படிக்கும், எல்டிஓ-9 படிக்காது. கணக்கு ஏடுகளைப் பல வருடம் வைக்க வேண்டியவர்கள் விலையோடு இதையும் பார்க்கட்டும்.