டாம்கேட்டின் சாம்பலும் அழுக்கும்: ப்ரீஷேடிங்கா, கருப்பு பேஸா?

அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 டாம்கேட் போர் விமானத்தை 1/48 அளவு பிளாஸ்டிக் மாடலாகக் கட்டி முடித்துவிட்டு, இனி பெயின்டுக்கும் வெதரிங்குக்கும் (நிஜ விமானம் மாதிரி அழுக்கும் தேய்மானமும் காட்டுவதற்கும்) எந்த வழியில் போவது என்று முழிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழிகள் நிறைய இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் விட்டுக்கொடுக்காத ஆட்களும் இருக்கிறார்கள். எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் வராது. நீங்கள் எந்தக் காலத்து விமானத்தைச் செய்கிறீர்கள், அது நிஜத்தில் எப்படி அழுக்கானது என்று பார்த்துவிட்டு வந்தால் பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

டாம்கேட் முதலில் பறந்தது 1970 டிசம்பர் 21. 1974-இல் விஎஃப்-1, விஎஃப்-2 ஸ்குவாட்ரன்கள் என்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலில் இதை எடுத்துக்கொண்டு முதல் பயணம் கிளம்பின. அந்தப் பயணத்தின்போதுதான் 1975 ஏப்ரலில் சைகோனிலிருந்து ஆட்களை வெளியேற்றும் பணிக்கு வானில் காவல் பறந்தன. அப்போதைய நிறம் மேலே பளபளக்கும் லைட் கல் (Gull) கிரே, எஃப்.எஸ். (அமெரிக்க அரசின் நிறத் தர எண்) 16440. அடியில் பளபளக்கும் வெள்ளை, 17875. வால்களில் பெரிய வண்ணச் சின்னங்கள். 1980-களில் வந்ததுதான் மூன்று மங்கல் சாம்பல்: முதுகில் 35237, பக்கவாட்டில் 36320, வயிற்றில் 36375. 2006 செப்டம்பரில் கடற்படை இந்த விமானத்துக்கு ஓய்வு கொடுக்கும்வரை பெரும்பாலானவை அப்படித்தான் இருந்தன.

இந்த இரண்டில் எதை எடுக்கிறீர்கள் என்பதுதான் முதல் தேர்வு. பளபளப்பு ஸ்கீமில் வெதரிங் வேலை குறைவு. பெயின்டே வழவழப்பாக இருந்ததால் அழுக்கு ஒட்டாது, துடைத்தால் போய்விடும். வெள்ளை வயிற்றில் ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்து பின்பக்கமாக ஓடிய பழுப்புக் கோடுகள் நாலு, சக்கர அறைகளைச் சுற்றிக் கொஞ்சம் கறை, அவ்வளவு போதும். ஆனால் வெள்ளையைத் தூசியில்லாமல், ஒழுகாமல் அடிப்பது பொறுமை கேட்கிற வேலை, டீக்கால்களும் (மாடலில் ஒட்டும் சின்னங்களும்) கண்ணைப் பறிப்பதால் சின்னப் பிசகும் தெரியும். மங்கல் ஸ்கீமில் பெயின்ட் பிழைகளை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் வெதரிங் இல்லாமல் விட்டால் மாடல் உயிரில்லாமல் கிடக்கும்.

காரணம் கப்பல் வாழ்க்கை. மாதக்கணக்கில் உப்புக் காற்றில் நிற்கிற விமானத்தில் அரிப்பு எங்கே தலைகாட்டினாலும் மாலுமிகள் உடனே அந்த இடத்தைச் சுரண்டி, பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, கையில் இருந்த சாம்பலைப் பூசிவிடுவார்கள். அது சுற்றியிருக்கும் வெளுத்த பழைய பெயின்டோடு பொருந்தாது. இந்தத் திட்டுகள் அதிகம் விழுவது பேனல் ஓரங்களிலும் திருகுத் தலைகளின் வரிசையிலும்தான், அரிப்பு தொடங்குவதே அங்கே என்பதால். மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட் வேறு. பூட்ஸ் அழுக்கையும் கை எண்ணெயையும் பிடித்துக்கொள்ளும். அப்புறம் டாம்கேட்டுக்கு மட்டுமே உரிய ஒரு தழும்பு உண்டு. சிறகு 20 டிகிரியிலிருந்து 68 டிகிரி வரை பின்னோக்கி மடங்கும், டெக்கில் நிறுத்தும்போது 75 வரை போகும். சிறகு உடலுக்குள் நுழையும் இடத்தில் இடைவெளியை அடைக்கக் காற்றடைத்த பைகள் மேலே அழுத்திக்கொண்டிருக்கும். சிறகு முன்னும் பின்னும் போகப்போக அவை உரசி, சிறகின் மேல் வளைவு வளைவாகக் கருத்த தடம் விழும். இது இல்லாத மங்கல் டாம்கேட்டைப் பார்த்தால் எனக்கு ஏதோ குறைகிற மாதிரியே இருக்கும்.

சரி, இப்போது ப்ரீஷேடிங். பிரைமர் அடித்த மாடலில் எல்லாப் பேனல் கோடுகளின் மேலும் கருப்பையோ அடர் சாம்பலையோ ஏர்பிரஷால் ஒல்லியாக இழுத்துவிட்டு, அதன் மேல் அசல் நிறத்தை நடுவில் கெட்டியாகவும் ஓரத்தில் லேசாகவும் அடிப்பது. ஒரு மாலைக்குள் முடிந்துவிடும், புதிதாக ஏர்பிரஷ் பிடித்தவரும் செய்யலாம், பெயின்டும் அதிகம் செலவாகாது. இதன் நியாயமான பலம் இவ்வளவும். பலவீனம் என்னவென்றால் எல்லாக் கோடும் ஒரே அளவுக்குக் கருத்து, மாடல் கட்டம்போட்ட லுங்கி மாதிரி ஆகிவிடுகிறது. நிஜத்தில் பேனல் ஓரத்தில் இருப்பது புகைக்கறை இல்லை, வேறொரு சாம்பல். ஒரு பேனலுக்கு நாலு பக்கமும் இருக்கும், பக்கத்துப் பேனலுக்கு ஒரு பக்கம்கூட இருக்காது. சில இடத்தில் சுற்றியிருப்பதைவிட வெளிறிப்போயும் இருக்கும். சீராகக் கருப்பு போடும் முறையால் இதைக் காட்டவே முடியாது.

கருப்பு பேஸ் இதற்கு நேர் எதிர். மாடல் முழுக்கக் கருப்பு பிரைமர், மிஸ்டர் சர்ஃபேசர் 1500 கருப்பு நன்றாக வரும். அதன் மேல் நன்கு நீர்த்த சாம்பலை 10 முதல் 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், ஏர்பிரஷ் ஊசியை மாடலுக்கு மிகக் கிட்டத்தில் வைத்து, ஒவ்வொரு பேனலுக்குள்ளும் கிறுக்கலாகவும் புள்ளியாகவும் நிரப்பிக்கொண்டே போக வேண்டும். முதலில் அசிங்கமாகத்தான் இருக்கும், பதற வேண்டாம். எல்லாப் பேனலும் முடிந்தபின் அதே நிறத்தை இன்னும் நீர்த்து, கொஞ்சம் தூரத்திலிருந்து இரண்டு மூன்று தடவை மெல்லியதாக அடித்தால் கிறுக்கல்கள் உள்ளே அடங்கி, வெயிலும் உப்பும் தின்ற பெயின்டின் சீரற்ற சாம்பல் கிடைக்கும். எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. ஒரு தடவை அதிகமாக அடித்தால் அத்தனை மாலை வேலையும் அடியில் புதைந்துபோகும்.

நேரம்தான் இதன் விலை. டாம்கேட்டின் முதுகு ஒரு மைதானம், அதை ஊசிமுனையால் நிரப்புவது யாருக்கும் ஒரு நாளில் முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு: 36375 மாதிரி வெளிர் சாம்பல் கருப்பின் மேல் மெல்லியதாக உட்காரும்போது பாட்டிலில் இருப்பதைவிட இருண்டு தெரியும், பக்கவாட்டு 36320-க்கும் வயிற்றுக்கும் இடையே ஏற்கெனவே குறைவாக இருக்கும் வேறுபாடு காணாமல் போய்விடும். அதனால் முதுகுக்கும் பக்கத்துக்கும் கருப்பு பேஸ், வயிற்றுக்கு வெறும் சாம்பல் பிரைமர் என்று பிரித்துக்கொள்வதை நான் விரும்புகிறேன். கல் உப்பை ஒட்டவைத்து மேலே பெயின்ட் அடித்து உதிர்ப்பது மூன்றாவது வழி. திட்டுகள் இயல்பாக விழும், ஆனால் எங்கே விழும் என்பது நம் கையில் இல்லை. சிறகின் மேல் ஒரு சிறு பகுதிக்குப் பயன்படுத்தலாம், முழு விமானத்துக்கு வேண்டாம்.

என் ஓட்டு கருப்பு பேஸுக்கு, ஆனால் அது மட்டும் போதாது. அது கொடுப்பது பழசாகிப்போன பெயின்ட். மாலுமிகள் பூசிய புதுத் திட்டுகளைத் தனியாகச் சேர்க்க வேண்டும். 36320-இல் சில சொட்டு வெள்ளையோ 35237-ஓ கலந்து, சின்னக் கதவுப் பேனல் ஒன்றிரண்டை மாஸ்கிங் டேப்பால் சுற்றி அடியுங்கள். பேனல் ஓரங்களில் டேப் இல்லாமல் கையாலேயே கோணல்மாணலாக இழுங்கள். வலப்பக்கம் செய்ததை இடப்பக்கம் செய்யாதீர்கள். ப்ரீஷேடிங் செய்தவர்களும் இந்தக் கடைசிப் படியை மேலே சேர்த்தால் கட்டம்போட்ட தோற்றம் பெருமளவு உடைந்துவிடும், நேரமில்லாதவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான்.

இதே தேர்வு எந்தப் பெயின்ட் என்பதையும் கிட்டத்தட்ட முடிவு செய்துவிடுகிறது. மிஸ்டர் கலர் லாக்கரில் (கரிமக் கரைப்பான் கலந்த பெயின்டில்) மூன்று சாம்பலும் நேரடியாகக் கிடைக்கின்றன: 36375-க்கு 308, 36320-க்கு 307, 35237-க்கு 337. அதற்கான மெதுவாகக் காயும் லெவலிங் தின்னரில் இரண்டு மடங்குக்கும் மேல் நீர்த்தாலும் உடையாமல், ஊசிமுனைக் கிறுக்கலுக்கு வளைந்துகொடுக்கும். சீக்கிரம் காயும், பிளாஸ்டிக்கைக் கடித்துப் பிடிக்கும், டேப் எடுத்தால் கூடவே வராது. வலேஜோ மாதிரி தண்ணீர் அக்ரிலிக்கில் வாசனை இல்லை, சுத்தம் செய்வது சுலபம், ஆனால் குறைந்த அழுத்தத்தில் ஒல்லிக் கோடு இழுக்கும்போது ஏர்பிரஷ் நுனியில் காய்ந்து அடைத்துக்கொண்டே இருக்கும். நம் ஊர் வெயிலில் இன்னும் மோசம். பிரைமர் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் டேப்போடு தோலாக உரிந்தும் வரும். கருப்பு பேஸ் செய்யப் போகிறவர் இதை எடுத்தால் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரும் ஈரப் பஞ்சுமாகவே மாலை கழியும். நடுவில் ஒரு நல்ல வழி இருக்கிறது: டாமியாவின் சாதா அக்ரிலிக்கை மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரில் கலந்தால் லாக்கருக்குக் கிட்டத்தட்ட அதே வழவழப்பில் போகும்.

லாக்கரின் நாற்றத்தைப் பற்றி மழுப்பக்கூடாது. கரிமக் கரைப்பான் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் போட்ட ரெஸ்பிரேட்டர், காற்றை வெளியே தள்ளும் ஃபேன், இரண்டும் இல்லாத வீட்டில், அதுவும் குழந்தைகள் இருந்தால், கண்டிப்பாகத் தண்ணீர் அக்ரிலிக்தான். அங்கே ப்ரீஷேடிங்கும் மேல் திட்டுகளும் போதும், மாடல் நன்றாகவே வரும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் மழைநாளில் லாக்கர் கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) அடித்தால் ஈரப்பதத்தால் வெண்மை படரும், அதற்கும் நிதானமாகக் காயும் லெவலிங் தின்னர்தான் ஓரளவு மருந்து.

வாஷ் (பேனல் கோடுகளில் ஓடவிடும் நீர்த்த அடர் பெயின்ட்) விஷயத்தில் போட்டி டாமியா பேனல் லைன் அக்சென்ட்டுக்கும் ஆயில் பெயின்டுக்கும். முதலாவது மூடியிலேயே பிரஷ் வைத்து வரும் எனாமல். கோட்டில் தொட்டால் தானாக ஓடும், கொஞ்சம் காய்ந்தபின் எனாமல் தின்னர் தொட்ட பஞ்சால் துடைத்தால் முடிந்தது. கருப்பு பாட்டிலை மட்டும் இந்த விமானத்துக்கு எடுக்காதீர்கள், வெளிர் சாம்பலில் பேனாவால் வரைந்த மாதிரித் தெரியும். அடர் சாம்பலோ அடர் பழுப்போ போதும். இன்னொன்று, பெயின்ட் இல்லாத வெறும் பிளாஸ்டிக்கில், முக்கியமாக இழுவிசையில் ஒட்டிய இடங்களில், இது இறங்கினால் பிளாஸ்டிக் வெடித்துவிடும். பளபளப்பான கிளியர் அடித்து நன்றாகக் காயவிட்டுத்தான் தொட வேண்டும். அடியில் லாக்கர், மேலே எனாமலோ ஆயிலோ என்ற வரிசையில் போனால் மேல் அடுக்கின் தின்னர் கீழ் அடுக்கைத் தின்னாது.

ஆயில் பெயின்ட் மெதுவானது, இங்கே அதுதான் அதன் பெருமை. ரா அம்பரையும் கருப்பையும் அட்டைத் துண்டில் வைத்து எண்ணெயை உறிஞ்சவிட்டு, ஒரு குண்டூசித் தலையளவு எடுத்து, ஒயிட் ஸ்பிரிட் லேசாகத் தொட்ட பிரஷால் காற்றோடும் திசையில் இழுத்தால் கசிவுக் கோடு. சிறகு மடியும் திசையில் வளைத்து இழுத்தால் அந்த உரசல் தடம். பிடிக்கவில்லையா, ஒரு மணி நேரம் கழித்தும் அழித்துவிட்டு மறுபடி போடலாம். பேனல் கோட்டுக்கு எனாமல், தழும்புக்கும் கறைக்கும் ஆயில் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் சண்டை போடாது. தண்ணீரில் கரையும் களிமண் வாஷ் வாசனை பிடிக்காதவர்களுக்கு நல்ல மாற்று, பாத்திரம் கழுவும் சோப் ஒரு சொட்டு சேர்த்தால் பளபளப்பில் முத்தாகத் திரளாமல் ஓடும்.

டாமியாவின் 1/48 கிட்டில் சிறகு நகரும். தடம் வரைந்தபின் அதை ஆட்டிக்கொண்டிருந்தால் அடியில் உள்ள பெயின்டே சுரண்டி வரும், ஒரு நிலையை முடிவு செய்துகொண்டு அங்கேயே விட்டுவிடுங்கள். கடைசிக் கிளியருக்கு முழு மேட்டைவிட மேட்டும் செமி கிளாஸும் பாதிப்பாதி கலந்தது மேல்; ஆட்கள் ஏறி நடந்து, கை பட்டு, எண்ணெய் படிந்த மேட் பெயின்ட் கொஞ்சம் மினுங்கத்தான் செய்யும்.

ஏர்பிரஷே இல்லாதவர்களுக்கு லாக்கர் பேச்சே வேண்டாம். வலேஜோவை நீர்த்து நல்ல தட்டை பிரஷால் மூன்று நான்கு மெல்லிய கோட்டாகப் பூசுங்கள், கிளியர் அடியுங்கள், பிறகு வெள்ளை, நீலம், பழுப்பு ஆயில்களைச் சின்னச் சின்னப் புள்ளியாக வைத்து ஸ்பிரிட் பிரஷால் ஒவ்வொரு பேனலுக்குள்ளும் கரைத்துப் பரப்புங்கள். கருப்பு பேஸ் பல மாலைகளில் கொடுக்கும் அந்தச் சீரற்ற சாம்பலில் பெரும்பகுதி இதிலேயே வந்துவிடும்.