ஞானப்பல், கடைவாய்ப்பல்: எதை எடுக்கலாம், எதை விடக்கூடாது?

பல் பிடுங்குவதா, வைத்துக்கொள்வதா என்ற கேள்விக்கு, எந்தப் பல் என்று பார்க்காமல் பதிலே கிடையாது. 23 வயதில் வலி தாங்காமல் கீழ்க் கடைவாய்ப்பல்லை எடுக்கச் சொல்லிவிட்டேன். இன்று அந்த இடைவெளிக்குள் பின்பல் சாய்ந்துவிட்டது, மேல்பல்லும் இறங்கி நிற்கிறது. அதே பக்கம் தாடையின் கடைசியில் முளைத்துத் தொந்தரவு கொடுத்த ஞானப்பல்லை மட்டும் பயந்து எட்டு வருடம் வைத்திருந்தேன். இரண்டுமே தப்பான முடிவு.

ஞானப்பல் பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும். இடம் இல்லையென்றால் சாய்ந்து எலும்பில் சிக்கிக்கொள்ளும். எந்த நோயும் இல்லாமல் உள்ளேயே கிடந்தால் சும்மா விடலாம். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2000-லேயே அப்படித்தான் சொன்னது. பாதி வெளியே, பாதி ஈறுக்குள் இருப்பதுதான் வில்லங்கம். மேலே மூடிய ஈறுக்கு அடியில் சோறு புகுந்து, சீழ் பிடித்து, வாயையே திறக்க முடியாமல் போகும். மாத்திரையில் அடங்கும், அப்புறம் திரும்ப வரும். அந்த ஈறை மட்டும் வெட்டிவிடுவது, பல் நேராக முளைத்து இடமும் இருந்தால் சரி. சாய்ந்த பல்லுக்கு அது வீண். சாய்ந்த பல் முன்னால் இருக்கும் நல்ல பல்லையும் சொத்தையாக்கிவிடக்கூடும் என்பதால் எடுப்பதே மேல்.

கீழ்த்தாடையில் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு வேர்களுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. எக்ஸ்ரேயில் வேர் அதை ஒட்டித் தெரிந்தால் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வேரை உள்ளேயே விடும் முறை உண்டு. நரம்புக்கு ஆபத்து குறையும், ஆனால் வேர் பின்னால் மேலே நகர்ந்து வந்தால் இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். வேர் வரை சீழ் பிடித்த பல்லுக்கு இது ஒத்துவராது.

கடைவாய்ப்பல் கதை வேறு. மெல்லுவதே அதில்தான், அதனால் கடைசி வரை காப்பாற்றப் பார்க்க வேண்டும் என்பேன். கீழ்ப்பல்லுக்குப் பொதுவாக 2 வேர், மேல்பல்லுக்கு 3. வேர்களுக்குள் நரம்பு ஓடும் கால்வாய் 3 அல்லது 4. அதில் ஒன்றை விட்டுவிட்டாலும் ரூட் கெனால் (கெட்ட நரம்பை எடுத்துக் கால்வாயை அடைக்கும் சிகிச்சை) தோற்கலாம், குறிப்பாக மேல்பல்லில் ஒளிந்திருக்கும் நாலாவது. செய்தபின் பல்லுக்கு மேல் உறையாக கேப் போடாமல் விட்டால் ஒருநாள் முறுக்கு கடிக்கும்போது பிளந்துவிடும், அதனால் கேப்புக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். முழுச் செலவு முடியாதவர்கள் அவசரப்பட்டுப் பிடுங்காமல் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இரண்டு வேரில் ஒன்று மட்டும் கெட்டிருந்தால், ரூட் கெனால் செய்துவிட்டுப் பல்லை இரண்டாக அறுத்துக் கெட்ட பாதியை மட்டும் எடுக்கலாம். மிச்சப் பாதிக்கு எலும்புப் பிடிமானம் நன்றாக இருந்தால் நல்ல வழி; வேர்கள் ஒட்டிப்போயிருந்தால் நடக்காது.

எடுத்தே ஆக வேண்டிய பல்லும் உண்டு: வேர் நெடுக விரிசல் விட்டது, கேப் பிடிக்க ஈறுக்கு மேலே 2 மில்லிமீட்டர்கூட மிஞ்சாதது. அந்த இடத்துக்கு பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்) கட்டினால் சீக்கிரம் முடியும், ஆனால் இரு பக்கத்து நல்ல பற்களை ராவ வேண்டும். எலும்பில் பதிக்கும் செயற்கை வேரான இம்பிளான்ட் பக்கத்துப் பல்லைத் தொடாது. செலவு அதிகம், எலும்போடு சேர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வருடக்கணக்கில் தள்ளிப்போட்டால் எலும்பு கரைந்துவிடும். எனக்கு இப்போது முதலில் எலும்பு வைத்துக் கட்ட வேண்டும் என்கிறார்கள்.